தொட்டியில் அழுகிய கடற்புல்லும் மணக்குடிப் பொழியும்

குமரி மாவட்டம் கீழமணக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். தூத்துக்குடியில் இருக்கும் அவருடைய மாமாவின் வலையில் கடற்புல் கொஞ்சம் சிக்கி வந்தது. அதை வேரோடு வாங்கி வந்து இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் கடல்தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒன்றை மொட்டைமாடி வெயிலில் வைத்தார். இன்னொன்றில் பாதிக்குப் பாதி ஆழ்குழாய்த் தண்ணீரைக் கலந்தார். நாலே நாளில் இரண்டிலும் புல் பழுத்து அழுகிவிட்டது. "அப்படியென்றால் கடல் சூடானாலும் ஆற்றுவெள்ளம் கூடினாலும் கடற்புல் முழுக்க அழிந்துவிடுமா? நம்ம மாவட்டத்துக் கடலில் இதை எப்படிப் பார்ப்பது?" என்பது கேள்வி.

தங்கச்சி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். சூடும் உப்பும் கடற்புல்லைக் கொல்லும். ஆனால் எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு என்ற ஒரே எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. மாற்றம் எவ்வளவு வேகமாக வந்தது, எத்தனை நாள் நின்றது, அந்த நாட்களில் வெளிச்சம் கிடைத்ததா, இரவில் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்ததா, வேர் நிற்கும் சேறு எப்படிப்பட்டது, இத்தனையும் சேர்ந்துதான் புல் பிழைக்குமா போகுமா என்று முடிவாகும். இலையைப் பார்த்து முடிவு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். மண்ணுக்குள் இருக்கும் தண்டையும் விடியலுக்கு முந்தைய தண்ணீரையும் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

உங்கள் தொட்டிகளுக்கு வருவோம். மொட்டைமாடித் தொட்டி சூட்டுக்கான சோதனை என்று நினைத்தீர்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடுமே! சாமித்தோப்பு உப்பளத்தில் நடப்பதுதான் அந்தத் தொட்டியிலும் நடந்தது. நாள் போகப் போகச் சூடும் உப்பும் ஒன்றாக ஏறின. எது கொன்றது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டாவது தொட்டியில் 35 அளவில் (ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம்) இருந்த உப்பு ஒரு நிமிடத்தில் 17, 18 என்று இறங்கியது. ஆற்றுமுகத்தில் அதே இறக்கம் பல மணி நேரமோ சில நாளோ எடுத்துக்கொண்டு நடக்கும். இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, எதையுமே மாற்றாமல் வெறும் கடல்தண்ணீரோடு நிழலில் வைத்த மூன்றாவது தொட்டி ஒன்று இல்லாதது. வலையில் அறுபட்டு, பஸ்ஸில் வந்து, வளரும் நுனி ஒடிந்த புல் அந்த மூன்றாவது தொட்டியிலும் செத்திருக்கலாம். அப்படிச் செத்திருந்தால் சூட்டின் மீதும் உப்பின் மீதும் பழி போட முடியாது அல்லவா?

கடற்புல் பாசி இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் மேலே போனால் எதுவும் விளங்காது. பாசிக்கு வேரும் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன பூக்கும் தாவரம். பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே பூத்து, தண்ணீருக்குள்ளேயே மகரந்தம் பரப்பி, விதை போடும். உலகம் முழுக்கச் சேர்த்தே சுமார் 70 இனங்கள்தான். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மட்டும் பத்துக்கு மேல் இருக்கின்றன. இதன் இலையில் இலைத்துளை கிடையாது. இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. மண்ணுக்குள் இஞ்சி மாதிரி படுத்து ஓடும் மட்டநிலத்தண்டில்தான் மாவுச்சத்துச் சேமிப்பு. அந்தக் காற்றுக் குழாயையும் இந்தச் சேமிப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டை ஒரு வீட்டின் வரவு செலவாக நினைத்துப் பாருங்கள். பகலில் ஒளிச்சேர்க்கை வரவு. இரவும் பகலும் ஓயாமல் நடக்கும் சுவாசம் செலவு. தண்ணீர் சூடாகச் சூடாக இரண்டுமே கூடும். ஆனால் வரவு ஓர் உச்சிக்குப் போய் அப்புறம் சரியத் தொடங்கும். வெப்பமண்டலக் கடற்புல்லுக்கு அந்த உச்சி ஏறக்குறைய 27 முதல் 33 டிகிரிக்குள் இருக்கிறது. செலவு அங்கே நிற்பதில்லை. 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே உச்சிக்கு அப்பால் ஒவ்வொரு டிகிரியும் இரண்டு பக்கமும் அடிக்கும்: சம்பளம் குறையும், கடைச் செலவு கூடும். அப்போது புல் மட்டநிலத்தண்டின் சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிட ஆரம்பிக்கும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தண்டைக் கிள்ளிப் பார்த்தால் கெட்டியாக வெள்ளையாக இருக்க வேண்டியது சொதசொதவென்று இருக்கும். தெளிந்த தண்ணீரில் 32 டிகிரியைத் தாங்கும் புல் கலங்கிய தண்ணீரில் 30-ஐத் தாங்காமல் போவதும் இதனால்தான். வெளிச்சம் குறைந்தால் வரவு முன்னாலேயே சுருங்கிவிடுகிறது.

எல்லா இனமும் ஒரே அளவுக்குத் தாங்குவதில்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நடந்த சோதனைகளில் தலாசியா ஹெம்ப்ரிச்சி, சைமோடோசியா, ஹாலோடூலே யூனிநெர்விஸ் போன்றவை கொஞ்ச நேரச் சூட்டை நன்றாகத் தாங்கின. சின்ன வட்ட இலை கொண்ட ஹாலோஃபிலா ஓவாலிஸும் நூல் போன்ற உருண்டை இலை கொண்ட சிரிங்கோடியமும் 40 டிகிரியைத் தொட்டதும் மீள முடியாத சேதம் அடைந்தன. தினமும் சில மணி நேரம் 43 டிகிரியில் வைத்தால் எந்த இனமும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்கவில்லை. இவை எல்லாம் நம் கடலிலும் உள்ள இனங்கள்தான். திறந்த கடல் 43-க்குப் போகாது. வற்றத்தில், அதாவது கடல் வற்றும் நேரத்தில், கரையோரக் குழிகளில் தேங்கும் தண்ணீரும், மொட்டைமாடித் தொட்டியும் போகும்.

சூடு ஏறும்போது பூ பூப்பதும் உண்டு. 2003 கோடையில் ஐரோப்பாவை வாட்டிய வெயிலில் மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல் வழக்கத்துக்கு மாறாகப் பரவலாகப் பூத்தது. மா மரம் தண்ணீரில்லாமல் காய்ந்ததற்கு அப்புறம் நன்றாகப் பூப்பதைப் பார்த்த நமக்கு இது விளங்கும். பூவைக் கண்டு புல் செழிப்பாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது.

இனி இரவுக்கு வருகிறேன். என் மனதில் இந்த விஷயத்தின் மையம் இதுதான். பாடப்புத்தகங்கள் இதைத்தான் ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. கடற்புல்லின் வேர் நிற்கும் சேற்றில் மேலே ஒரு விரற்கடைக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியா கடல்நீரின் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும். கழிச் சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வேருக்கு அது நஞ்சு. பகலில் இலை உண்டாக்கும் ஆக்சிஜன் காற்றுக் குழாய் வழியாக வேருக்கு இறங்கி, வேரைச் சுற்றி மெல்லிய உறைபோல நின்று அந்த நஞ்சை முறிக்கும். இரவில் இலை ஆக்சிஜன் உண்டாக்காது. சுற்றியுள்ள தண்ணீரில் கரைந்திருப்பதை வாங்கித்தான் கீழே அனுப்ப வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் அதில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 35 உப்புள்ள கடல்நீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் 6.2 தான். நன்னீராக இருந்தால் அதே 30 டிகிரியில் 7.5 பிடித்திருக்கும். அதாவது சூடு, உப்பு இரண்டுமே ஆக்சிஜனை வெளியே தள்ளுகின்றன. அதே சூட்டில் பாக்டீரியாவின் வேகமும் கூடும், சேற்று நஞ்சும் கூடும், புல்லின் சுவாசமும் கூடும். காற்றில்லாத, அலையில்லாத ஒரு சூடான இரவில் எல்லாம் ஒன்றுசேரும். விடிவதற்குள் சல்ஃபைடு காற்றுக் குழாய் வழியாகவே மேலேறி, இலை முளைக்கும் குருத்துக்குள் புகும். குருத்து செத்தால் அந்தத் தண்டில் மறுபடி இலை வராது.

அமெரிக்காவில் புளோரிடா விரிகுடாவில் 1987-ல் தொடங்கிய சாவு இப்படிப்பட்டதுதான். ஆமைப்புல் என்று அங்கே அழைக்கும் தலாசியா 4000 ஹெக்டேர் அளவுக்கு அடியோடு போனது. சூடு, மழையின்மையால் ஏறிய உப்பு, இரவின் ஆக்சிஜன் பற்றாக்குறை, சல்ஃபைடு எல்லாம் கைகோத்தன. 2015-லும் அதே விரிகுடாவில் அதே கதை திரும்ப நடந்தது. இத்தனைக்கும் சூடு ஒன்றை மட்டுமோ உப்பு ஒன்றை மட்டுமோ அந்தப் புல் தாங்கக்கூடியதுதான்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. பல வருடத்துக்கு முன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கழியில் ஹாலோடூலே திட்டு ஒன்றைக் கவனித்து வந்தேன். சித்திரை மாதம் முழுக்க மதியம் 12 மணிக்குப் போய் வெப்பநிலை, உப்பு, ஆக்சிஜன் எல்லாம் எடுத்தேன். எல்லா எண்ணும் நன்றாகவே இருந்தது. மதியத்து ஆக்சிஜன் நிறைந்து வழிந்தது. வைகாசி நடுவில் பாதித் திட்டு மொட்டை ஆகிவிட்டது. அப்புறம்தான் விடிகாலை 4 மணிக்குப் போனேன். ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே கிடந்தது. ஒரு மாதத்துக் குறிப்பு முழுவதும் தவறான நேரத்தில் எடுத்தது என்று அந்தக் காலையில் தெரிந்தபோது இருந்த வருத்தம் இன்றும் மாறவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உப்பு வேறு வழியில் வேலை செய்கிறது. வெளியே தண்ணீரில் உப்பு கூடினால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறும்; குறைந்தால் வெளிநீர் உள்ளே பாயும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விட்டுச் சுருங்குவதும், தண்ணீரில் போட்ட உலர்திராட்சை உப்புவதும் இதே சவ்வூடு பரவல்தான். கடற்புல் இதைச் சமாளிக்க இரண்டு ஏற்பாடு வைத்திருக்கிறது. செல்லின் நடுவில் உள்ள நுண்குமிழிக்குள் சோடியத்தையும் குளோரைடையும் அடைத்து வைக்கும். ஆனால் நொதிகள் வேலை செய்யும் சைட்டோபிளாசத்துக்குள் அந்த உப்பை விட முடியாது, நொதி கெட்டுவிடும். அங்கே புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்து அழுத்தத்தைச் சமன்செய்யும். புரோலின் செய்வதற்கும் உப்பை நுண்குமிழிக்குள் தள்ளுவதற்கும் ஆற்றல் வேண்டும், அதாவது மறுபடியும் அதே சேமிப்புப் பெட்டியில் கை வைக்க வேண்டும். சூட்டால் ஏற்கனவே கடனில் இருக்கும் புல் உப்பு மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவது இதனால்தான். இந்தச் சமாளிப்புக்குச் சில நாட்கள் ஆகும். உங்கள் இரண்டாவது தொட்டி அந்த நாட்களைக் கொடுக்கவில்லை.

பொதுவாக 20-க்கும் 40-க்கும் இடையில் பெரும்பாலான இனங்கள் வாழ்ந்துகொள்ளும். விளிம்புக்குப் போனால்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு தெரியும். சிரிங்கோடியம் கடல் உப்பை ஒட்டியே இருக்க விரும்பும். ஹாலோடூலே கூடுதல் குறைவு இரண்டையும் சகிக்கும். ரூப்பியா மரிடிமா எல்லாவற்றையும் விஞ்சியது: கிட்டத்தட்ட நன்னீரிலும் இருக்கும், கடலைப்போல் இரண்டு மடங்கு உப்பிலும் இருக்கும், உலகெங்கும் உப்பளங்களின் நீர்த்தேக்கங்களில் அதைக் காணலாம். ஹாலோஃபிலா ஸ்டிபுலேசியாவின் கதையும் சொல்லத் தக்கது. செங்கடலிலும் நம் பெருங்கடலிலும் பிறந்த புல் அது; சூடும் உப்பும் அதற்குப் பழக்கம். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். 1894-ல் மத்தியதரைக் கடலில் அது இருப்பது பதிவானது. 2002-ல் கரீபியன் கடலிலும் தென்பட்டது. இப்போது அங்கேயுள்ள பழைய புல்லின் இடத்தைப் பிடித்து வருகிறது. கடல் மாறும்போது புல்வெளி இல்லாமல் போவது ஒரு வகை. ஒரு புல் போய் இன்னொன்று வந்து உட்காருவது இன்னொரு வகை. அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் 2005-ன் கடும் கோடையில் சோஸ்டெரா என்ற கடற்புல் மடிந்த இடங்கள் பலவற்றில் இன்று ரூப்பியா நிற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பச்சை குறையவில்லை. ஆனால் ரூப்பியா வருடத்துக்கு வருடம் கூடும், குறையும். மீன்குஞ்சுக்கு அது தரும் நிழல் உறுதியானதில்லை.

மெதுவாக வரும் மாற்றத்துக்குப் புல் எந்த அளவு இசையும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சுறா விரிகுடா சாட்சி. அங்கே 180 கிலோமீட்டர் பரந்து கிடக்கும் பொசிடோனியா புல்வெளி ஒரே விதையிலிருந்து வந்த ஒரே செடி என்று 2022-ல் மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வயது குறைந்தது 4500 ஆண்டு. வழக்கமாக 20 இருக்கும் குரோமோசோம் அதற்கு 40. வாய்ப்பக்கம் சாதாரணக் கடல் உப்பு, உள்ளே போகப் போக அதைப்போல் இரு மடங்கு. இரண்டிலும் ஒரே செடிதான் நிற்கிறது. அதே விரிகுடாவில்தான் 2010-11 கோடையில் தண்ணீர் வழக்கத்தைவிட 2 முதல் 4 டிகிரி சூடாகி வாரக்கணக்கில் நின்றது. ஆம்பிபோலிஸ் என்ற புல்தான் அதிகம் அடிபட்டது. புல்வெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம். ஆயிரக்கணக்கான வருடம் மெல்ல ஏறிய உப்புக்குப் பழகிய இடம். இரண்டு மாதச் சூட்டுக்கு அங்கேயுள்ள புல் தாங்கவில்லை.

சரி, நம் மாவட்டத்துக் கடல். இங்கே இரண்டு கடல்நீர் மாறி மாறி வரும். அரபிக்கடல் தண்ணீர் உப்புக் கூடியது, 35-க்கு மேல். வங்காள விரிகுடாத் தண்ணீர் கங்கையும் பிரம்மபுத்திராவும் இறங்குவதால் உப்புக் குறைந்தது. தென்மேற்குப் பருவத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மேற்கிலிருந்து கிழக்கே முனையைக் கடந்து போகும். உப்புத் தண்ணீர் வரும். கார்த்திகை, மார்கழியில் அது திரும்பும். இலங்கையைச் சுற்றி வரும் உப்புக் குறைந்த தண்ணீர் நம் முனை தாண்டி மேற்கே போகும், உப்பு 34-க்குக் கீழே இறங்கும். கேட்கப் பெரிதாக இருக்கும். கடற்புல்லுக்கு ஒன்றிரண்டு அளவு மாற்றம் பொருட்டே இல்லை. திறந்த கரையில் உப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வெப்பநிலைதான் இங்கே விசித்திரம். உலகத்தின் பெரும்பாலான கடல் கோடையில் சூடாகும். நம் கடல் பங்குனி, சித்திரையில் 30 டிகிரி அளவில் இருந்துவிட்டு ஆனி, ஆடியில் தணுத்துப் போகும். கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். கை வைத்தாலே தணுப்பு என்பார்கள். கச்சான் என்ற மேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, அடியில் கிடந்த குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வருகிறது. குமரிமுனைக்குத் தெற்கே அந்த மாதங்களில் மேற்பரப்பு 27-க்கும் கீழே போவதை வானிலிருந்து எடுத்த படங்களே காட்டும். வெப்பமண்டலத்தில் ஆண்டின் நடுவில் கடற்புல்லுக்குக் கிடைக்கும் இளைப்பாறல் அது. ஆனால் மேலேறும் தண்ணீரில் சத்து அதிகம், மிதவைப் பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகி வெளிச்சத்தைத் தடுக்கும். ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுக்கிறது. 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. சித்திரை உச்சி 30-லிருந்து 31, 32 ஆகும் வருடங்களில் அந்தத் தணுப்பு எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் முக்கியமாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் வெளுத்தது இப்படிப்பட்ட சித்திரை வைகாசிச் சூட்டில்தான்.

இதற்கிடையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குமரி முனையிலிருந்து நீரோடி வரைக்கும் உள்ள மேற்குக் கரையில் பாக் விரிகுடா மாதிரிப் பரந்த புல்வெளி இல்லாததற்குக் காரணம் சூடோ உப்போ இல்லை. அலைதான். ஆனி ஆடிக் கடலடி என்ற அலைச் சீற்றமும் சொல்லாமல் வரும் கள்ளக்கடலும் மணலை ஒரு இடத்தில் இருக்க விடுவதில்லை. மட்டநிலத்தண்டு வேர்பிடிக்க மணல் அசையாமல் இருக்க வேண்டும். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளின் மறைவில் புல் படர்ந்திருப்பதும், பாக் விரிகுடாவின் ஆழமில்லாத அமைதியில் ஆவுளியா என்ற கடல்பசு மேய்வதும் இதனால்தான். வடகிழக்குப் பருவத்தில் சின்னமுட்டம், வட்டக்கோட்டைப் பக்கம் புல் ஒதுங்கினால் அது மன்னார் வளைகுடாவிலிருந்து நீவாட்டோடு வந்ததாக இருக்கக்கூடும். ஒதுங்கிய புல்லை வைத்து இங்கே புல்வெளி இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் மணக்குடிக் காயல் வேறு உலகம். திறந்த கடலில் சூடு முக்கியம் என்றால் காயலில் உப்பு முக்கியம். பழையாறு கொண்டுவரும் தண்ணீரும் கடலும் பொழியில், அதாவது காயல் கடலில் திறக்கும் வாயில், சந்திக்கின்றன. மழை குறைந்து அலை மணலைத் தள்ளும்போது பொழி அடைத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டில் ஒன்று நடக்கும். ஆற்றுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் காயல் மெல்ல இனிக்கும். வராவிட்டால் வெயிலில் ஆவியாகி உப்பு ஏறும். பொழி உடைந்தாலோ வெட்டிவிட்டாலோ ஒரே ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே பாய்ந்து 5 இருந்த இடம் 30 ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் அதற்கு நேர் எதிர். கனத்த கடல்நீர் அடியிலும் லேசான ஆற்றுநீர் மேலுமாக இரண்டு அடுக்காக நிற்பதும் உண்டு; மேலே மொண்டு பார்த்தால் 8, அடியில் புல் இருக்கும் இடத்தில் 28. இப்படிப்பட்ட இடத்தில் தாங்கக்கூடியவை ரூப்பியாவும், அலையாத்திக் காட்டுச் சேற்றுத்திட்டுகளில் விரல்நகம் அளவு இலையோடு படரும் ஹாலோஃபிலா பெக்காரியும்தான். பெக்காரி உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம். இந்தியாவின் இரண்டு கரைகளிலும் ஆற்றுமுகங்களில் இருக்கிறது. மணக்குடி அலையாத்தி ஓரத்தில் வற்றத்தின்போது குனிந்து, பொறுமையாகத் தேடிப் பாருங்கள். சேற்றில் பாசி என்று கால் வைத்துக் கடந்து போகும் பச்சை அதுவாக இருக்கலாம்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1992-ல் ஆஸ்திரேலியாவின் ஹார்வே விரிகுடாவில் அடுத்தடுத்து இரண்டு ஆற்றுவெள்ளமும் ஒரு புயலும் வந்து சுமார் 1000 சதுர கிலோமீட்டர் புல் போனது; மேய்ச்சல் இல்லாமல் கடல்பசுக்கள் பட்டினியில் செத்தன. உப்புக் குறைந்ததால் புல் செத்தது என்று தோன்றும். பெரும்பாலும் கொன்றது கலங்கலும் இருட்டும்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது தாமிரபரணி வெள்ளம் புன்னைக்காயல் வழியாகச் செம்மண் நிறத்தில் மன்னார் வளைகுடாவில் இறங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வெள்ளத்தில் உப்பு சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். கலங்கல் அதற்கும் பிறகு நிற்கும். படிந்த வண்டல் இலைமேல் இன்னும் அதிக நாள் கிடக்கும். ஆகவே உப்பு அளக்கிற நாளில் வெளிச்சத்தையும் அளக்காமல் விட்டால் குறிப்பு முடமாகிவிடும். கருவி வேண்டாம்: வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று எழுதினால் போதும்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டால், தொட்டியை மறுபடி வையுங்கள், ஆனால் ஐந்தாக வையுங்கள். ஒன்றை மாற்றாதீர்கள். உப்புக் குறைக்கும் தொட்டியில் ஒரு நாளைக்கு 2 அளவுக்கு மேல் குறைக்காதீர்கள்; கூட்டும் தொட்டியிலும் அப்படியே. சூட்டுத் தொட்டியில் ஆவியான அளவுக்குத் தினமும் நன்னீர் ஊற்றி உப்பை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் சூட்டை மட்டும் பார்க்க முடியும். ஐந்தாவதில் சூடும் உப்பும் சேர்ந்து ஏறட்டும். மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதுதான் உங்களுக்கு அதிகம் சொல்லித்தரும். மீன்தொட்டிக்கு விற்கும் சின்ன காற்றுக் குழாய் எல்லாவற்றிலும் வேண்டும். உப்புப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இறால் பண்ணைக்காரர்களிடம் இருக்கும், கேட்டால் காட்டித்தருவார்கள். புல்லுக்காகத் தேசியப் பூங்காத் தீவுகள் பக்கம் போய்ப் பிடுங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். வலையில் வந்ததும் கரையில் ஒதுங்கியதும் போதும். வளரும் நுனியோடு, குறைந்தது நாலைந்து கணு உள்ள தண்டாகத் தேர்ந்தெடுங்கள். ஊன்றியதும் பத்து நாள் எதுவும் செய்யாமல் பழக விடுங்கள். அந்தப் பத்து நாளில் சாவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காயலில் இரண்டு இடம் போதும், ஒன்று பொழிக்குப் பக்கம், ஒன்று பாலத்தைத் தாண்டி ஆறு வரும் பக்கம். வாரம் ஒரு நாள், மதியம் ஒரு தடவையும் மறுநாள் விடிவதற்கு முன் ஒரு தடவையும், மேலேயும் அடியிலும் தண்ணீர் எடுங்கள். தனியாகப் போகாதீர்கள், அப்பாவையோ அண்ணனையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பிடி சேற்றைக் கையில் எடுத்து நிறத்தையும் நாற்றத்தையும் எழுதுங்கள்: சாம்பலா, கறுப்பா, முட்டை நாற்றம் உண்டா. புல் கிடைத்தால் தண்டைக் கிள்ளி, கெட்டியா சொதசொதப்பா என்று எழுதுங்கள். பொழி அடைத்த தேதியும் திறந்த தேதியும் உங்கள் நோட்டில் இல்லாவிட்டால் மற்ற எண்கள் எதற்கும் உதவாது. அந்தத் தேதிகளைக் கரையில் வலை உலர்த்தும் பெரியவர்களிடம் கேளுங்கள். போன பத்து வருடத்தில் பொழி எந்த மாதம் அடைத்தது, எத்தனை நாள் அடைத்துக் கிடந்தது, அப்போது மீன் செத்து மிதந்ததா என்று அவர்களால் திருவிழாக்களை வைத்துக் கணக்குச் சொல்ல முடியும். அடுத்த முறை பொழி திறப்பதற்கு முந்தைய நாளிலிருந்து ஒரு வாரம் தினமும் எண் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.